துருவக் கடல்களில் எண்ணெய்க் கசிவு: கடற்பறவைகளின் இழப்பை எதைக் கொண்டு அளப்பது?

நெய்தல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். விலங்கியல் முதுகலை பயிலும் மாணவி நான். துறைக் கருத்தரங்கிற்காக, துருவப் பகுதிகளில் எண்ணெய் மாசு கடற்பறவைகளுக்கு விளைவிக்கும் தீங்கைத் தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கத் தெளிவு கூடுவதற்குப் பதில் சில ஐயங்கள் வலுத்துவிட்டன.

1989 ஜனவரி 28 அன்று, அர்ஜென்டினக் கடற்படையின் 'பாஹியா பரைசோ' என்ற கப்பல், அண்டார்க்டிக் தீபகற்பத்தில் அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையத்துக்கு அருகே பாறையில் மோதியது. அதிலிருந்து ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர் எரிபொருள் கசிந்தது. அதில் பெரும்பகுதி டீசல். அடுத்த இரண்டு மாதங்களுக்குள், மார்ச் 24 அன்று, அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் 'எக்சான் வால்டெஸ்' தரைதட்டி, 4 கோடி லிட்டருக்கும் மேலான கச்சா எண்ணெய் கொட்டியது. முதல் கசிவு இரண்டாவதில் ஒன்றரை விழுக்காடு அளவுதான். டீசல் விரைவில் ஆவியாகிவிடும் என்றும் படித்தேன். அப்படியிருக்க, துருவப் பகுதி என்றாலே எல்லா நூல்களும் அந்தச் சிறிய கசிவை இவ்வளவு விரிவாகப் பேசுவது ஏன்?

பாஹியா பரைசோ விபத்துக்குப் பின், கடற்காகத்துக்கு உறவான, வேட்டையாடும் தென்துருவ ஸ்குவாப் பறவைகளின் குஞ்சுகள் அந்தப் பருவத்தில் கிட்டத்தட்ட முழுவதுமாக இறந்தன என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். காரணம் எண்ணெய்தான் என்று ஒரு தரப்பும், இல்லை என்று இன்னொரு தரப்பும் எழுதியிருக்கின்றன. ஒரு மாணவி இதில் எந்தப் பக்கம் நிற்பது?

எண்ணெய் படிந்த பறவைகளைப் பிடித்துக் கழுவிவிடும் முறை துருவங்களில் பயன் தருமா என்பதையும், இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

---

வெண்ணுரை

கசிந்த எண்ணெயின் அளவைக் கொண்டு தீங்கை எடைபோடும் பழக்கத்தை முதலில் கைவிடுங்கள். 1979 மார்ச்சில் நார்வேயின் வடகோடியில் உள்ள வராங்கர் வளைகுடாவில், மிகச் சிறியது என்றே சொல்லத்தக்க ஒரு கசிவு 10,000 முதல் 20,000 வரையிலான கடற்பறவைகளைக் கொன்றது. அவற்றுள் பெரும்பாலானவை, கடலில் மூழ்கி இரைதேடும் தடித்த அலகு கில்லிமாட் பறவைகள். பறவைகள் நெருக்கமாகக் கூடியிருந்த நீர்ப்பரப்பில், கூடியிருந்த நேரத்தில், அந்த எண்ணெய் வந்து சேர்ந்தது, அது போதுமாயிற்று. ஆயிரம் மடங்கு பெரிய கசிவு வெற்றுக் கடலில் நிகழ்ந்தால் அத்தனை சாவு இராமலும் போகலாம்.

துருவக் கடலில் பறவைகள் இப்படிக் கூடுவது இயல்பு. கடற்பனி மூடிக் கிடக்கும் காலத்தில், பனிப்பாளங்களுக்கு இடையே உள்ள வெடிப்புகளும், ஆண்டுதோறும் உறையாமல் திறந்திருக்கும் பொலினியா எனப்படும் நீர்ப்பரப்புகளும் மட்டுமே அவற்றுக்கு இரை தேடும் வழி. கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையில் உள்ள வடநீர்ப் பொலினியாவை நம்பிக் கோடிக்கணக்கான லிட்டில் ஆக் பறவைகள் அதன் கரைகளில் இனப்பெருக்கம் செய்கின்றன. மிதந்து வரும் எண்ணெயும் பனிப்பாளங்களால் தடுக்கப்பட்டு இதே திறந்த நீரில்தான் ஒதுங்கும். பறவைக்கும் எண்ணெய்க்கும் ஒரே வாசல் என்று ஆகிவிடுகிறது.

இனி உடலுக்கு வருவோம். இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைகள் பிரிகின்றன. அக்கிளைகளிலிருந்து நுண்கிளைகள் பிரிகின்றன. நுண்கிளைகளின் கொக்கிகள் அடுத்த கிளையைப் பற்றிக்கொள்வதால் இறகு நீர் புகாத ஒரு பின்னலாக அமைகிறது. அந்தப் பின்னலுக்கு அடியில் தூவிகள் காற்றைத் தேக்கி வைத்திருக்கின்றன. குளிரிலிருந்து பறவையைக் காப்பது அந்தக் காற்றுதான். எண்ணெய் பட்டதும் கொக்கிகள் நெகிழ்ந்து, நுண்கிளைகள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கின்றன, இடைவெளி வழியே நீர் தோலைத் தொடுகிறது. பறவையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். துருவக் கடல்நீரோ உறைநிலையை ஒட்டி, சில இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே 1.8 டிகிரி வரை இறங்கியிருக்கும். இந்த இடைவெளியை ஈடுகட்ட அது தன் கொழுப்பை எரிக்க வேண்டும். எரித்ததை ஈடுசெய்ய மேலும் மூழ்கி மீன் பிடிக்க வேண்டும். மூழ்கினாலோ மேலும் நனைய வேண்டும். ஆகவேதான் அவை கரையிலும் பனிப்பாளத்திலும் ஏறி நின்று பட்டினியில் இறக்கின்றன. வெப்பக் கடலில் சில நாட்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு எண்ணெய்ப் பூச்சு, இங்கே விரைவில் உயிரை வாங்கிவிடும்.

இரண்டாவது வழி வயிற்றின் வழி. படிந்த எண்ணெயை நீக்கப் பறவை ஓயாமல் இறகு கோதுகிறது, கோதும்போது விழுங்குகிறது. பஃபின், ஹெர்ரிங் கடற்காகம் ஆகியவற்றின் குஞ்சுகளுக்குக் கச்சா எண்ணெயை உட்செலுத்திச் செய்த ஆய்வுகளில், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் சோகை ஏற்பட்டது கண்டறியப்பட்டது. 100 மீட்டருக்கும் கீழே மூழ்கி இரைதேடும் கில்லிமாட்டுக்கு இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன்தான் முதல். சோகை பிடித்த பறவை வெளித்தோற்றத்தில் சுத்தமாக இருந்தும், இரைக்கு எட்டும் ஆழத்துக்குப் போக முடியாமல் நலியும். இத்தகைய சாவுகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மூன்றாவது, முட்டை. அடைகாக்கும் பறவையின் மார்பிலிருந்து முட்டையோட்டின் மீது ஒட்டும் சில மைக்ரோலிட்டர் எண்ணெயே கருவைக் கொல்லப் போதுமானது என்பதை வாத்து முட்டைகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. துருவக் கோடை குறுகியது. இழந்த முட்டைக்கு மறுமுட்டை இட்டுக் குஞ்சை வளர்த்தெடுக்கக் காலம் பெரும்பாலும் இடம் தராது.

பலர் கவனிக்காத ஒன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். தடித்த அலகு கில்லிமாட்டின் குஞ்சு, பறக்கத் தெரியாத மூன்று வார வயதிலேயே செங்குத்துப் பாறையின் விளிம்பிலிருந்து கடலில் குதித்துவிடும். தந்தைப் பறவை அதனுடன் நீந்திச் செல்லும். அதே வேளையில் தந்தைக்கும் பறக்கும் இறகுகள் உதிர்ந்துவிடும். ஆகஸ்ட் மாதத்தில் ஆர்க்டிக் கடலில் இவ்வாறு பறக்க இயலாத தந்தையரும் குஞ்சுகளும் வாரக்கணக்கில் நீந்தியே வலசை போகின்றன. எதிரே எண்ணெய்ப் படலம் வந்தால் எழுந்து விலக அவற்றால் முடியாது.

---

தென்முனை

பாஹியா பரைசோ பற்றி நான் சேர்ப்பவை இவை. அந்த விபத்து விரிவாகப் பேசப்படுவதற்குக் காரணம் கசிவின் அளவன்று, அது நிகழ்ந்த இடம். பால்மர் நிலையத்தைச் சுற்றியுள்ள டார்கர்சன், லிட்ச்ஃபீல்ட், ஹம்பிள் ஆகிய சிறு தீவுகளின் பறவைக் குடியிருப்புகள் அதற்கு முன்பே பல பருவங்களாக ஆய்வில் இருந்தவை. விபத்துக்கு முந்தைய நிலை பதிவாகியிருந்ததால், பின்னர் நிகழ்ந்ததை ஒப்பிட முடிந்தது. துருவப் பகுதியில் இப்படி வாய்ப்பது அரிது. பெரும்பாலான கசிவுகளில் எண்ணெய் வந்த பின்னரே எண்ணத் தொடங்குகிறார்கள்.

காலமும் பொல்லாத காலம். ஜனவரி இறுதி என்பது அடேலி பென்குவின்களின் குஞ்சுகள் கூட்டமாகத் திரண்டு நிற்க, பெற்றோர் கடலுக்கும் கூட்டுக்கும் ஓயாமல் போய்வரும் நேரம். எண்ணெய்ப் படலம் அந்தப் போக்குவரத்தின் குறுக்கே கிடந்தது. பென்குவின்கள் எண்ணெய் படிந்த மார்போடு கரையேறின. கூட்டை ஒட்டிய நீரிலேயே மூழ்கி இரைதேடும் நீர்க்காகங்களின் குஞ்சுகளுள் பெரும்பகுதி மடிந்தது. கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் லிம்பெட் சிப்பிகள் ஏராளமாக இறந்து விழுந்ததால், அவற்றை உண்ணும் கெல்ப் கடற்காகங்களுக்கு இரை வழியாகவும் இடையூறு வந்தது.

டீசல் ஆவியாகும் என்பது சரியே. அங்கும் நீர்ப்பரப்பின் மேலிருந்த படலம் நீண்டகாலம் நிற்கவில்லை. ஆனால் டீசலில் உள்ள இலேசான நறுமணச் சேர்மங்கள் (பென்சீன் வளையம் கொண்ட சேர்மங்கள்) கச்சா எண்ணெயின் கனமான பகுதிகளைவிட உடனடி நச்சுத்தன்மை மிக்கவை. நிலைத்து நிற்பது குறைவு, நிற்கும் நாட்களில் செய்யும் கேடு அதிகம். குளிர்நீரில் ஆவியாதலும் மெதுவாகவே நடக்கும். பனிக்கு அடியில் சிக்கிக்கொண்டால் ஆவியாகவே வழியில்லை. உறையும் பனி அதனைத் தன்னுள் பூட்டி வைத்து, அடுத்த உருகு காலத்தில், அதாவது பறவைகள் திரும்பி வரும் வேளையில், வெளியே விடும்.

இனி ஸ்குவா விவாதம். எண்ணெயைக் காரணமாகச் சொன்ன தரப்பு, குஞ்சுகள் நேரடியாக எண்ணெயால் இறந்தன என்று வாதிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பெற்றோர் எண்ணெய் படிந்து, தம் இறகுகளைச் சீர்செய்வதில் பொழுதைச் செலவிட்டுக் கூட்டைக் காவலின்றி விட்டதால், பக்கத்து ஸ்குவாக்கள் குஞ்சுகளைக் கொன்று தின்றன என்பதே அவர்கள் வாதம். மறுதரப்பு, அந்தப் பருவத்தில் ஸ்குவாக்களின் இரை குறைந்திருந்தது என்றும், இரை குறைந்த ஆண்டுகளில் குஞ்சுகளைக் காவலின்றி விட்டுப் பெற்றோர் தொலைவு போவதும் குஞ்சுகள் இறப்பதும் எண்ணெய் இல்லாமலேயே நடப்பவை என்றும் மறுமொழி எழுதியது.

என் கருத்தைக் கேட்டால், அந்த ஓர் இனத்தின் ஒரு பருவ இழப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எந்தத் தரப்பையும் முழுமையாக ஏற்க முடியாது. இரண்டு தரப்பும் சொல்லும் இடைநிலை நிகழ்வு ஒன்றே: காவலற்ற கூடு. காவல் போனதற்குப் பசி காரணமா, எண்ணெய் காரணமா என்பதில்தான் பிணக்கு. இரை குறைந்த ஆண்டில் எண்ணெயும் சேர்ந்தால் இரண்டையும் பிரித்தெடுக்கும் ஆற்றல் ஒரே இடத்து, ஒரே பருவத்துத் தரவுக்கு இல்லை. பக்கம் சாய்வதைவிட, இதை நீங்கள் கட்டுரையில் எழுதுவது மதிப்புடையதாக இருக்கும். நீர்க்காகத்துக்கும் லிம்பெட்டுக்கும் நேர்ந்ததில் இத்தகைய பிணக்கு எழவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையேல், ஸ்குவா விவாதத்தைக் காட்டி மொத்த விபத்தையும் தீங்கற்றதாகச் சித்திரிக்கும் வாதத்துக்கு இடம் கொடுத்ததாகும்.

---

சிறகு மருத்துவம்

கழுவும் முறை பற்றிய கேள்விக்குக் கால்நடை மருத்துவராக விடையளிக்கிறேன்.

பறவையைப் பிடித்தவுடன் கழுவுவது தவறு. முதலில் உடலைச் சூடேற்றி, குழாய் வழியே நீரும் உணவும் செலுத்தி, கழுவலின் அதிர்ச்சியைத் தாங்கும் வலு வந்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். நீர் பறவையின் உடல்வெப்பத்தை ஒட்டி, ஏறத்தாழ 40 டிகிரியில் இருக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் கலந்த தொட்டிகளில் ஒன்று மாற்றி ஒன்றாக, நீர் அழுக்காகாத நிலை வரும்வரை அமிழ்த்த வேண்டும். அதன் பிறகு வரும் அலசலைத்தான் புதியவர்கள் அவசரப்பட்டுக் கெடுப்பார்கள். சோப்பு சிறிதளவு எஞ்சினாலும் இறகில் நீர் புகும். எண்ணெயை நீக்கியும் பயனில்லாமல் போகும். நன்றாக அலசிய இறகில் நீர் உருண்டு மணியாக ஓடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை எடுப்போம். பின்னர் பறவை தானே கோதி இறகுகளைப் பூட்டிக்கொள்ள, சுத்தமான குளத்தில் நாட்கணக்கில் விட்டுக் கவனிக்க வேண்டும்.

இதற்கு வேண்டியவை ஏராளமான வெந்நீர், மின்சாரம், கூரை, ஆட்கள். 2000-இல் தென்னாப்பிரிக்காவில் 'ட்ரெஷர்' கப்பல் மூழ்கியபோது, எண்ணெய் படிந்த ஏறத்தாழ 19,000 ஆப்பிரிக்கப் பென்குவின்களைக் கழுவி அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை மீண்டும் கடலில் விட முடிந்தது. பக்கத்தில் கேப்டவுன் என்ற பெருநகரமும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும் இருந்தார்கள். பென்குவின் கரையில் நின்று பட்டினியைச் சில காலம் தாங்கக்கூடிய வலுவான பறவையும்கூட. எக்சான் வால்டெஸ் விபத்தில், பணத்துக்குக் குறைவே இல்லாத நிலையிலும், உயிருடன் பிடித்துக் கொண்டுவரப்பட்ட பறவைகள் 1,600 அளவில்தான். அவற்றுள் விடுவிக்கப்பட்டவை ஏறத்தாழ பாதி. இறந்த பறவைகளின் மதிப்பீடோ 2,50,000. கரையில் கண்டெடுக்கப்பட்ட உடல்கள் 30,000-க்கு மேல். மற்றவை மூழ்கியிருக்கும், அடித்துச் செல்லப்பட்டிருக்கும், அல்லது கழுகும் நரியும் தின்றிருக்கும். தின்றவற்றின் வயிற்றுக்குள்ளும் அந்த எண்ணெய் போனது.

ஆகவே அண்டார்க்டிக் தீபகற்பத்திலோ வட கிரீன்லாந்திலோ கழுவுதல் ஒரு மீட்புத் திட்டமாகாது. தனிப்பட்ட பறவைகள் சிலவற்றின் துன்பத்தைக் குறைக்கலாம். கூட்டத்தைக் காக்க முடியாது. எண்ணெய் வந்து சேருமுன் பறவைகளை அகற்றுவது இதைவிட மேலானது. தென்னாப்பிரிக்காவில் சுத்தமாக இருந்த 19,000-க்கும் மேற்பட்ட பென்குவின்களைப் பிடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போர்ட் எலிசபெத் அருகே விட்டார்கள். அவை நீந்தித் திரும்புவதற்குள் கடல் ஓரளவு சுத்தமாகிவிட்டது. பறக்கும் பறவைகளிடம் இந்த வழியும் செல்லாது.

---

நெய்தல்

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்குவா பகுதியை 'தென்முனை' அவர்கள் சொன்ன முறையிலேயே எழுதிக்கொள்கிறேன். ஒரு துணைக் கேள்வி: ஆர்க்டிக்கிலும் அண்டார்க்டிக்கிலும் கப்பல்களில் எரிக்கப்படும் கெட்டியான கனரக எரிபொருள் எண்ணெய்க்குத் தடை வந்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் பறவைகளைப் பொறுத்தவரை ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா?

---

பழைய மாலுமி

கப்பல் பொறி அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி தருகிறேன், மகளே. அப்படிக் கொள்ள முடியாது.

அண்டார்க்டிக் கடலில் கனரக எரிபொருள் எண்ணெயைக் கொண்டு செல்வதும் பயன்படுத்துவதும் 2011 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஆர்க்டிக்கில் தடை 2024 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் எரிபொருள் தொட்டிகளுக்கு இரட்டைப் பாதுகாப்புச் சுவர் உள்ள கப்பல்களுக்கு விலக்கு உண்டு. ஆர்க்டிக் கரையோர நாடுகள் தம் கொடி பறக்கும் கப்பல்களுக்குத் தம் கடற்பகுதியில் விலக்கு அளிக்கவும் இடமுண்டு. இவ்விரண்டு விலக்குகளும் 2029 ஜூலையில்தான் முடிவடைகின்றன. தடை என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியடைவதற்கு முன் இந்த ஐந்தாண்டு இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தடையின் பயன் என்ன என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கனரக எண்ணெய் குளிரில் தார் போல் இறுகி, மாதக்கணக்கில் மிதந்து, கரையில் ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்த பருவங்களிலும் பறவைகளைப் பிடிக்கும். அந்த நீண்டகாலத் தீங்கைத் தடை குறைக்கும். டீசலை அது தொடவில்லை. பாஹியா பரைசோ கசியவிட்டது டீசல். 2007 நவம்பர் 23 அன்று கிங் ஜார்ஜ் தீவுக்கு அருகே பனியில் மோதி மூழ்கிய 'எக்ஸ்புளோரர்' என்ற சுற்றுலாக் கப்பலில் இருந்த 154 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலோடு கீழே போன எரிபொருளும் டீசல்தான். இன்றைய தடை அன்று இருந்திருந்தாலும் இவ்விரண்டையும் தடுத்திராது.

அதைவிடப் பெரிய விடுபாடு ஒன்று இருக்கிறது. ஆர்க்டிக் பறவைகள் எல்லாம் ஆர்க்டிக்கிலேயே எண்ணெயால் இறப்பதில்லை. கனடாவின் ஆர்க்டிக்கிலும் கிரீன்லாந்திலும் பிறந்த தடித்த அலகு கில்லிமாட்டுகளும் லிட்டில் ஆக்குகளும் குளிர்காலத்தைக் கழிக்க நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் கடற்பகுதிக்கு வருகின்றன. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையிலான கப்பல் வழி அதன் ஊடாகவே செல்கிறது. பொறி அறையின் அடியில் சேரும் எண்ணெய் கலந்த கசிவு நீரை, நாங்கள் பில்ஜ் என்போம், பிரிப்பான் வழியே சுத்திகரித்து வெளியேற்ற வேண்டும் என்பது சட்டம். பிரிப்பானை இயக்கிப் பராமரிக்கச் சோம்பியோ, துறைமுகத்தில் அந்தக் கழிவை ஒப்படைக்கும் கட்டணத்துக்கு அஞ்சியோ, இரவில் குழாயை மாற்றிப் பூட்டி நேராகக் கடலில் விடும் கப்பல்கள் இருந்தன. மறைக்க வேண்டியதில்லை, தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் அறிந்ததே.

விபத்து என்று எந்த நாளேட்டிலும் வராத இந்தச் சில்லறைக் கசிவுகளால், 1998 முதல் 2000 வரையிலான குளிர்காலங்களில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் கில்லிமாட்டுகளும் லிட்டில் ஆக்குகளும் இறந்ததாகக் கனடிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. எக்சான் வால்டெஸ் விபத்துக்கான மதிப்பீட்டை இதனோடு வைத்துப் பாருங்கள். கில்லிமாட் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும். முதல் முட்டையிடவே சில ஆண்டுகள் காத்திருக்கும். இருபதாண்டுக்கு மேல் வாழும். நீண்டகாலம் வாழும் பெற்றோரை நம்பி நிற்கும் இனம் அது. ஆண்டுதோறும் பெற்றோரை இழப்பதை அது குஞ்சுகளால் ஈடுகட்ட முடியாது.

இதற்கு மருந்து கண்டது துருவச் சட்டமன்று. கனடா 2005-இல் தன் வலசைப் பறவைச் சட்டத்தைத் திருத்தி, கடலில் எண்ணெய் விடும் கப்பல்கள் மீது வழக்குத் தொடுக்கும் வழியைத் தன் கரையிலிருந்து 200 கடல்மைல் வரை நீட்டியது; வானிலிருந்து கண்காணிப்பும் கூடியது. பிற்காலக் கடற்கரைக் கணக்கெடுப்புகளில், இறந்து ஒதுங்கும் பறவைகளுள் எண்ணெய் படிந்தவற்றின் விகிதம் குறைந்திருக்கிறது. எந்தக் கப்பலையும் மூழ்காமல் காத்ததால் வந்த பயன் இல்லை இது. குழாயை மாற்றிப் பூட்டும் கைக்கு வழக்குப் பயம் காட்டியதால் வந்தது.

இன்னொரு செய்தியையும் உங்கள் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளலாம். அண்டார்க்டிக் சூழல் பாதுகாப்புக்கான மாட்ரிட் நெறிமுறை 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்தது. விபத்தை உண்டாக்கியவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லும் அதன் ஆறாம் இணைப்பு 2005-இல் ஸ்டாக்ஹோமில் ஏற்கப்பட்டும், வேண்டிய நாடுகள் எல்லாம் ஒப்புதல் தராததால் நடைமுறைக்கு வராமலேயே நெடுங்காலமாகக் கிடப்பில் இருக்கிறது. பாஹியா பரைசோவில் எஞ்சியிருந்த எரிபொருளை அர்ஜென்டினாவும் நெதர்லாந்தும் கூட்டாக வெளியேற்றியது 1992-இல்தான். அதுவரை மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, கசிய வாய்ப்புள்ள எரிபொருள் அந்தப் பென்குவின் தீவுகளுக்கு அருகிலேயே கடலுக்கடியில் கிடந்தது.